கடைசி பெஞ்சில் பஹீரா

“உங்க முதல் வருஷப் பசங்க யார்கிட்ட டியூஷன் போறாங்கன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா, டாக்டர்?”

டீன் லுத்ஃபி போன வாரம் கேட்ட அந்தக் கேள்வி பஹீராவைவிட்டுப் போகவே இல்லை. தெரியாது என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். அது உண்மையும்கூட. மன்சூரா நகரத்தில் தெருவுக்கு இரண்டு டியூஷன் சென்டர். எவன் எங்கே எதை விற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு இயற்பியல் ஆசிரியைக்கு ஏது நேரம்?

ஆனால் லுத்ஃபி கேட்ட விதம் சரியில்லை. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு காலத்தில் அவளிடம் முதல் வருஷம் படித்த பையன் அவர். எதையாவது மென்று விழுங்கும்போது அப்படித்தான் திரும்பிக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை முதல் வருஷ இயற்பியல் பரீட்சை.

சமையலறையில் ஷௌகி சேப்பங்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நீர்ப்பாசன இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மதியச் சமையல் அவர் பொறுப்பு.

“ஹைதம் எழுந்தாச்சா?”

“அவன் அப்பவே கிளம்பிட்டான். ஆபீஸ்ல ஏதோ மீட்டிங்காம்.”

“மொபைல் கம்பெனியில போன் எடுத்துப் பேசற வேலை. அதுக்கு விடிஞ்சும் விடியாம என்ன மீட்டிங்?”

“என்னைக் கேட்டா? உன் பையனைக் கேளு.” ஷௌகி கிழங்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “மழை வர மாதிரி இருக்கு. சால்வையை எடுத்துக்கிட்டுப் போ.”

உன் பையன். நல்லது நடந்தால் அவன் ஷௌகியின் பையன். மற்ற நாளெல்லாம் அவள் பையன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கல்லூரியில் இயற்பியலில் முதலாவதாக வந்தவன் ஹைதம். உதவி ஆசிரியர் வேலை அவன் காலடியில் வந்து கிடந்தது. வேண்டாம் என்றான். “உன்னை மாதிரி ஆகறதுக்கு நான் தயாரில்லை அம்மா” என்று சாப்பாட்டு மேஜையில் வைத்தே சொன்னான். அதற்குப் பிறகு அம்மாவும் மகனும் பேசிக்கொள்வது உப்பு, ரொட்டி, சாவி என்ற அளவோடு நின்றுபோயிற்று.

*

பெரிய வகுப்பறையில் எண்ணூறு பேர் உட்காரலாம். பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பு இது. பஹீரா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது முன்வரிசையில் மட்டும் தலைகள் தெரிந்தன. மேலே படிப்படியாக ஏறிப்போகும் பெஞ்சுகள் எல்லாம் காலி.

“மத்தவங்க எல்லாம் எங்கே?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண்தான் வாயைத் திறந்தாள்.

“சென்டர்ல ரிவிஷன், டாக்டர். நேத்தே போய் இடம் போட்டுட்டாங்க.”

“நீங்கள்லாம் ஏன் போகலை?”

“எங்களுக்கு இடம் கிடைக்கலை, டாக்டர்.”

பஹீராவுக்குச் சிரிப்பு வந்தது.

இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து ஊர் திரும்பியபோது அவளுக்காக லேசர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாற்காலி காத்திருந்தது. முதல் வருஷ வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்போது பார்த்து நோயில் விழுந்தார். ஒரு பருவம் மட்டும் பார்த்துக்கொள் என்றார்கள். போனாள். டெல்டா கிராமங்களிலிருந்து சூத்திரங்களை மனப்பாடம் செய்து செய்தே மேலே வந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவன், பூமி நம்மை இழுக்கிறது என்றால் நாமும் பூமியை இழுக்கிறோம் என்பது உறைத்த நொடியில், அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று “அடப்பாவி!” என்று கத்தினான். அவ்வளவுதான். அந்தக் கத்தலுக்காக அவள் இருபத்தெட்டு வருஷம் அதே மேடையில் நின்றுவிட்டாள்.

பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை மனுப்போட்டாள். இரண்டு முறையும், பாடம் நடத்துவது அருமை, ஆராய்ச்சி போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவளிடம் படித்தவர்கள் பேராசிரியர் ஆனார்கள். ஒருவர் டீனும் ஆனார். அவள் ஒவ்வொரு பரீட்சைக்கும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாதபடி புதுக்கேள்வி யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் ஒவ்வொரு வருஷமும் மேலிடத்துக்குப் புகார் போனது.

“எந்த சென்டர்?”

“அல்-கிம்மா. தொரேல் ஏரியாவுல, பேக்கரிக்கு மேல.”

“யார் எடுக்கறா?”

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி, தேவையே இல்லாமல் துடைத்தாள். “மிஸ்டர் ஹைதம், டாக்டர்.”

ஊரில் ஹைதம் என்று பேர் வைத்தவர்கள் எத்தனையோ பேர் என்று டாக்ஸியில் போகும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் பஹீரா.

டாக்ஸி பேக்கரி வாசலில் நின்றபோது அந்தச் சமாதானமும் போயிற்று. அந்த மாடிப்படி அவளுக்குத் தெரியும். ஷௌகியின் அக்கா இருந்த வீடு. அக்கா காலமான பிறகு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடக்கிறது என்றுதான் ஷௌகி சொல்லிக்கொண்டிருந்தார்.

*

மழை பிடித்துக்கொண்டது. சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு மாடி ஏறினாள். வாசலில் நின்ற பெண் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“பொண்ணைக் கூட்டிட்டு வந்தீங்களா ஆன்ட்டி? அம்மாங்க எல்லாம் பின்னாடி.”

உள்சுவர்களை இடித்து மூன்று அறைகளை ஒன்றாக்கியிருந்தார்கள். பெஞ்சுக்கு ஆறு பேர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பஹீரா கடைசி பெஞ்சின் ஓரத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பையன் நகர்ந்து இடம் கொடுத்தான். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. நான்கு மாதமாக இவர்களுக்குத்தான் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அடையாளம் தெரிய வேண்டுமானால் வகுப்புக்கு வந்திருக்க வேண்டுமே!

ஹைதம் கையில் மைக்கோடு வந்தான்.

அவன் முன்னால் கிடந்தது ஷௌகியின் வரைபட மேஜை. கால் ஆட்டம் கண்டுவிட்டது, இரும்புக் கடைக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்ன மேஜை.

“டாக்டர் பஹீரா என்ன சொல்வாங்க?” என்றான் ஹைதம். உடனே குரலை மெலிதாக்கி, இரண்டு கையையும் விரித்து, “ஏன்னு கேளுங்க கண்ணுங்களா, ஏன்னு கேளுங்க!”

அறை அதிர்ந்தது. பக்கத்துப் பையன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

“அவங்க ஏன்னு கேக்கச் சொல்வாங்க. நான் எத்தனை மார்க்குன்னு கேக்கச் சொல்றேன். சனிக்கிழமை எது உதவும்?”

“மார்க்கு!” என்று ஒரே கூச்சல்.

பஹீராவுக்கு முகம் எரிந்தது. ஆனால் அதைவிட மோசமானது என்னவென்றால், பையன் நன்றாகப் பேசினான். சிரிப்பு எப்போது அடங்கும் என்று பார்த்து, சரியாக அந்த இடத்தில் அடுத்த சொல்லைப் போட்டான். ஜன்னலோரம் ஒருவன் தூங்குவதைக் கவனித்து, பேச்சை நிறுத்தாமலே சாக்பீஸை எறிந்தான். அவளுக்கு அந்தக் கலை கைவர ஆறு வருஷம் ஆயிற்று. இவன் அதோடு பிறந்திருக்கிறான். பிறந்து, அதை இந்தச் சந்தையில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான்.

மேஜைமேல் இருந்த டீ கிளாஸை ஹைதம் தட்டிக்காட்டினான்.

“கிளாஸோட எடை கீழ. மேஜை தள்ற விசை மேல. ரெண்டும் சமம், எதிரெதிர். இது எந்த விதி? மூணாம் விதி. எழுதிக்கோங்க, நாலு மார்க்.”

தப்பு. பஹீரா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுத்தமான தப்பு. அவன் முதல் வருஷம் படித்தபோது, தாய் என்பதால் கல்லூரி விதிப்படி அந்த வகுப்பிலிருந்து அவள் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. வேறொருவர் நடத்தினார். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் முதல் வருஷம் எடுக்காதது அந்த ஒரு வருஷம்தான்.

நடு வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஷைமா என்று கூப்பிட்டான் ஹைதம்.

“மிஸ்டர், ரெண்டும் எப்பவும் சமம்னா, லிஃப்ட் மேல கிளம்பும்போது மட்டும் உடம்பு ஏன் கனக்குது? அப்ப தரை என்னைக் கூடுதலாத்தானே தள்ளுது? என் எடை கூடலையே. அப்ப மூணாம் விதி லிஃப்ட்ல தப்பாப் போயிடுதா?”

பஹீராவின் உடம்பு சிலிர்த்தது. எந்தக் கிராமத்துப் பெண்ணோ, தானாகவே யோசித்துக் கதவுவரைக்கும் வந்துவிட்டாள். இனி கதவைத் திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி.

“ஷைமா, நீ டாக்டர் பஹீராகிட்டப் போய் உட்காரு, ரெண்டு பேருக்கும் நல்லாப் பொழுதுபோகும்” என்றான் ஹைதம். மறுபடி சிரிப்பு. “பரீட்சையில லிஃப்ட் எல்லாம் வராது. மேல போகலாம்.”

ஷைமா முகம் சுருங்கி உட்காரப்போனாள்.

“லிஃப்ட் வரும்!”

சொன்னது தன் குரல்தான் என்பது பஹீராவுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. எழுந்து நின்றிருந்தாள். சால்வை தோளில் நழுவிக் கிடந்தது.

“வரும். நீ நில்லும்மா. நீ கேட்டது சரியான கேள்வி.”

ஹைதமின் கையிலிருந்த மைக் தாழ்ந்தது. “அம்மா...” என்றான். மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

அந்த ஒரு சொல் அறை முழுக்கக் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. செல்போன்கள் மேலே எழுந்தன.

“அம்மா, வெளியில போய்ப் பேசிக்கலாம்.”

“நீ தப்பா சொல்லிக் கொடுத்திருக்கே. அதைச் சரி பண்ணிட்டு வரேன்.”

ஹைதம் மைக்கை மேஜைமேல் போட்டுவிட்டு பால்கனிக்குப் போனான். கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

அப்போதாவது அவள் இறங்கிப் போயிருக்கலாம். ஷைமா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பஹீரா பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் நடந்தாள்.

“கையைக் கொடு. என் உள்ளங்கையைத் தள்ளு. நல்லாத் தள்ளு! யார் யாரைத் தள்றோம்?”

“நான் உங்களை. நீங்க என்னை.”

“மூணாம் விதி இதுதான். ரெண்டு விசை, ரெண்டு ஆள். ஒண்ணு உன்மேல, ஒண்ணு என்மேல. இப்ப இந்த கிளாஸைப் பாரு. பூமி கிளாஸை இழுக்குது. அப்ப ஜோடி எது?”

ஷைமா உதட்டைக் கடித்தாள். “கிளாஸ்... பூமியை இழுக்குது.”

“மேஜை கிளாஸைத் தள்ளுது. அதோட ஜோடி?”

“கிளாஸ் மேஜையை அழுத்துது.”

“அப்ப எடையும் மேஜையோட தள்ளலும்?”

ஷைமாவின் கண் கிளாஸிலிருந்து பஹீராவுக்கும், திரும்பக் கிளாஸுக்கும் போய்வந்தது.

“ரெண்டும் கிளாஸ் மேலேயே இருக்கு... அப்ப அது ஜோடியே இல்லை! கிளாஸ் சும்மா நிக்கறதால சமமா இருக்கு, அவ்வளவுதான். லிஃப்ட் கிளம்பணும்னா தரை கூடுதலாத் தள்ளியே ஆகணும். விதிக்கு ஒண்ணும் ஆகலை!”

பெஞ்சைத் தட்டிச் சிரித்த பையன் “யா சலாம்!” என்று வாய்விட்டு வியந்தான். பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். இந்தப் பருவம் முழுக்கக் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று அவள் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். அது கடைசியில் இங்கே, பேக்கரிக்கு மேலே கிடைத்தது.

*

சூரியன் மறையும் நேரம் ஷௌகி தன் செல்போனை அவள் முன்னால் வைத்தார்.

யாரோ வீடியோவை வெட்டியிருந்தார்கள். பஹீரா எழுந்து நிற்கிறாள். “லிஃப்ட் வரும்!” என்கிறாள். ஹைதம் “அம்மா” என்கிறான். அதோடு முடிந்தது. ஷைமா இல்லை, உள்ளங்கை இல்லை, கிளாஸ் இல்லை. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘பேப்பர் எழுதும் டாக்டர், மகனுடைய சென்டரில் கேள்வியைச் சொல்லும் காட்சி.’

“ஊர் முழுக்கச் சுத்துது” என்றார் ஷௌகி.

“அந்த வீட்டுச் சாவியை அவன்கிட்ட யார் கொடுத்தா?”

“சும்மாதானே கிடந்துச்சு, பஹீரா...”

“இரும்புக் கடைக்குப் போன மேஜையும் சும்மா கிடந்துச்சா? ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கீங்க!”

“சொன்னா நீ விட்டிருப்பியா?” கேட்டது ஹைதம். வாசல் கதவைத் திறந்துகொண்டு நனைந்தபடி நின்றான். “உன்னை ரெண்டு தடவை வேண்டாம்னு தள்ளினாங்க. ரெண்டு தடவையும் நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதே. எனக்குக் கேக்கலைன்னு நினைச்சியா? அந்த இடத்துக்கு நான் வேலைக்கு வரணுமாக்கும். எங்கிட்ட வர்றவங்க பாஸ் ஆகறாங்க. எனக்குக் கை தட்டறாங்க. உனக்கு யார் தட்டினா?”

பஹீரா பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. டீன் லுத்ஃபி.

“டாக்டர், ஒரே ஒரு விஷயம்.” அவசரமாக, தாழ்ந்த குரலில் பேசினார். “கேள்வித்தாள் சீல் வெச்சு உள்ள இருக்கு. உங்களைத் தவிர யாரும் பார்க்கலை. அதுல லிஃப்ட் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

ஹைதம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். ஷௌகி கண்ணாலேயே கெஞ்சினார்.

“மூணாவது கேள்வி” என்றாள் பஹீரா.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“இல்லைன்னு சொல்லுங்கன்னுதானே போன் பண்ணேன், டாக்டர்! இல்லைன்னு சொல்லிட்டு இன்னைக்கே வேற தாள் எழுதிக் கொடுத்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும். தாள்ல அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான், வெளியில சொன்னதும் நான். அந்தத் தாளை ரத்து பண்ணு, லுத்ஃபி. புதுசை வேற யாராவது எழுதட்டும். இனி நான் எழுதற எந்தத் தாளும் என் பையன் சென்டருக்கு விளம்பரம்தான்.”

“அப்ப விசாரணை வரும். முதல் வருஷ வகுப்பு உங்க கையில இருக்காது. புரியுதா?”

“நான் அங்க என்ன சொல்லிக் கொடுத்தேன்னு முழு வீடியோ இருந்தா பாரு” என்றாள் அவள்.

“அதை யாரும் பார்க்க மாட்டாங்க, டாக்டர்” என்றார் லுத்ஃபி. அவர் குரல் உடைந்திருந்தது. போனை வைத்துவிட்டார்.

பஹீரா போனை மேஜைமேல் வைத்தாள். இருபத்தெட்டு வருஷத்தை ஒரு நிமிஷப் பேச்சில் தூக்கிக் கொடுத்தாயிற்று. அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல இருந்தது.

ஹைதம் நின்ற இடத்திலேயே நின்றான். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, ஈரத் தலையோடு சின்னப் பையனைப் போல் இருந்தான்.

“அம்மா... நான் சொன்னது நிஜமாவே தப்பா?”

“தப்பு.”

“எப்படித் தப்பு? ரெண்டும் சமம்தானே, எதிரெதிர்தானே? ரெண்டு வருஷமா அப்படித்தானே சொல்லிக் கொடுக்கறேன்.” தயங்கினான். “நான் பால்கனியில இருந்தேன். நீ சொன்னது கேக்கலை.”

எதிரில் நின்று ஏன் என்று கேட்ட யாருக்கும் பஹீரா பதில் சொல்லாமல் போனதில்லை. பஸ் நிறுத்தத்தில் கேட்டவனுக்குச் சொல்லியிருக்கிறாள். பல் பிடுங்கிய மருத்துவர் கேட்டபோது, வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறாள்.

இன்று முடியாது என்று நினைத்தாள். இவனுக்கு முடியாது. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இருட்டில், கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். ஷௌகி தொண்டையைச் செருமினார்.

“இதுல என்னடா இருக்கு? நான் சொல்றேன் கேளு. லிஃப்ட்ல மோட்டார் இழுக்குதுல்ல, அந்த இழுப்பு உன் எடையோட சேர்ந்துக்குது.”

“அப்ப மூணாம் விதி, அப்பா?”

“அது தரையில நிக்கறவங்களுக்கு. லிஃப்ட்டுக்குள்ள செல்லாது.”

பஹீரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஓஹோ” என்றான் ஹைதம், மெதுவாக, நம்பத் தொடங்குகிறவன் போல.

ஷௌகி உற்சாகமாகிவிட்டார். “விமானத்துலயும் அப்படித்தான்டா...”

பஹீராவின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.